கட்டை போட்டால் வேகம் வராது

கோடையில் தண்ணீரில்லாத கொள்ளிட மணலில் டென்னிஸ் பந்து கிரிக்கெட் ஆடியவர்களுக்குத் தெரியும். மட்டையை அசைக்காமல் கட்டை போட்டால் பந்து காலடியிலேயே கிடக்கும். மட்டையை வீசினால் பந்து நாணல் புதருக்குள் போய்த் தேட விடும். அந்தக் கூடுதல் வேகம் மட்டையுடையது.

வாயேஜர் 2 விண்கலம் வியாழன் கோளிடம் 1979-இல் வாங்கிக்கொண்டதும் அப்படிப்பட்ட வேகம்தான். கவண் வீச்சு என்று இதற்குப் பெயர். ‘வியாழனின் ஈர்ப்பு இழுத்ததால் வேகம் கூடியது’ என்பார்கள். அது பாதிக் கதை. வெண்ணாற்றுக் கரையிலிருந்து சைக்கிளில் சறுக்கி இறங்கி எதிர்க்கரை ஏறிப் பாருங்கள், இறக்கத்தில் கிடைத்ததெல்லாம் ஏற்றத்தில் கரைந்துவிடும். வியாழனை நெருங்கும்போது கூடும் வேகமும் விலகும்போது அப்படியே வடிந்துவிடும். வியாழனிலிருந்து பார்த்தால் கலம் வந்த வேகத்திலேயே போகிறது, திசைதான் மாறியிருக்கிறது.

ஆனால் வியாழன் நிற்கவில்லையே! நொடிக்கு 13 கிலோமீட்டர் வேகத்தில் சூரியனைச் சுற்றி ஓடுகிறது. அதன் முதுகுப்பக்கமாகக் கடந்து, அது ஓடும் திசைக்கே வளைந்து வெளியேறும் கலத்துக்கு அந்த ஓட்டத்தில் ஒரு பங்கு கிடைக்கிறது. வியாழனும் துளி இழக்கிறது, எந்தக் கருவிக்கும் அகப்படாத துளி.

முன்பக்கமாகக் கடந்தால் வேகம் குறையும். அதற்கும் தேவை உண்டு. சூரியனில் விழுவது சுலபம் என்று தோன்றும். ஆனால் பூமியிலிருந்து கிளம்பும் எதனோடும் பூமியின் நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகம் ஒட்டிக்கொண்டே வரும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிக்கத்தான் சூரியனை நெருங்கப் போன பார்க்கர் கலம் வெள்ளியை 7 முறை கடந்தது.

செவ்வாய்க்கு இந்த வித்தை தேவைப்படவில்லை. மங்கள்யான் 2013 டிசம்பர் 1-இல் பூமியின் பிடியை விட்டு, நடுவில் எந்தக் கோளையும் தொடாமல் 2014 செப்டம்பர் 24-இல் போய்ச் சேர்ந்தது. அதற்கு முன் பூமியைச் சுற்றிச் சுற்றி வந்ததைக் கவண் வீச்சு என்று சிலர் சொல்வதுண்டு. இல்லை, அங்கே வேகம் கூட்டியது சொந்த இன்ஜின்.

சனிக்குப் போன காசினி விண்கலத்தின் எடையோ சுமார் 5,700 கிலோ. அதை நேராகத் தள்ள ராக்கெட் கிடையாது. 1997-இல் கிளம்பி, வெள்ளியை இருமுறை, பூமியை ஒருமுறை, வியாழனை ஒருமுறை தொட்டுக்கொண்டு 2004-இல் சேர்ந்தது. வெறும் 478 கிலோ நியூ ஹொரைசன்ஸ் கலத்துக்குப் பெரிய ராக்கெட்டே வாய்த்தது. அதுகூட வியாழனை உரசிப் போய் புளூட்டோ பயணத்தில் சுமார் 3 ஆண்டுகளை மிச்சம் பிடித்தது.

சிக்கல் என்னவென்றால், கோள்கள் நம் வசதிக்கு வரிசையில் நிற்பதில்லை. வாயேஜருக்கு வாய்த்த அமைப்பு சுமார் 175 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வரும். வியாழன், சனி, யுரேனஸ் என்று மூன்று இடத்திலும் வேகம் வாங்கிய வாயேஜர் 2, 1989-இல் நெப்டியூனிடம் மட்டும் கொஞ்சம் வேகத்தை இழந்தது. அதன் டிரைட்டன் நிலவைப் பக்கத்தில் பார்க்க அந்தப் பாதைதான் தோது. அதற்கப்புறம் போகவேண்டிய கோள் எதுவும் இல்லை என்பதால் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.