பின்னணி இசை அல்ல, பக்கவாத்தியம்

அமெரிக்காவின் பழைய திரையரங்குகள் சிலவற்றில் இன்றும் பேசாப்படங்கள் திரையிடப்படுகின்றன. குழாய்களில் காற்றைச் செலுத்தி ஒலி எழுப்பும் விசைப்பலகைக் கருவியான ஆர்கனை, கலைஞர் ஒருவர் அரங்கிலேயே அமர்ந்து படம் முழுக்க வாசிப்பார். தமிழில் இதை எழுதுகிறவர்கள் ‘நேரடிப் பின்னணி இசை’ என்றே எழுதிவருகிறார்கள். இந்தத் தொடரை இனியும் பொறுத்துக்கொள்ள முடியாது.

‘ஆர்கன்’ கிரேக்கத்திலிருந்து வந்த சொல். கருவி என்று பொருள். அதை ஆர்மோனியம் என்பது பிழை. ஆர்மோனியத்தில் குழாய்களே கிடையாது, உலோக நாக்குகள் மட்டுமே அதிர்கின்றன. ஆர்கன் ஆர்கனாகவே இருக்கட்டும்.

என் சண்டை ‘பின்னணி’ என்ற சொல்லோடுதான். படையின் பின்வரிசையைக் குறித்த சொல் அது, முன்னணிக்கு எதிர். சினிமா அதை எடுத்துக்கொண்ட பிறகு, ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவுசெய்து படத்தோடு சேர்த்த இசை என்ற பொருள் ஊன்றிவிட்டது. பின்னணிப் பாடகர் திரையில் தெரியாதவர். ஆர்கன் கலைஞர் இருப்பதோ திரைக்கு முன்னால். 1928-இல் திறக்கப்பட்ட, கொலம்பஸ் நகரின் ஒஹாயோ திரையரங்கில், அவர் ஆர்கனோடு சேர்ந்து மேடைக்கு முன்னுள்ள பள்ளத்திலிருந்து மேலெழுந்து வருவார். இவரா பின்னணி? ‘நேரடி’ என்று முன்னால் ஒட்டினால் பிழை தீர்ந்துவிடுமா?

பக்கவாத்தியம் என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. பாடகரைப் பார்த்துக்கொண்டே மிருதங்கக்காரர் வாசிப்பதைப் போல, ஆர்கன் கலைஞர் திரையைப் பார்த்துக்கொண்டே வாசிக்கிறார். பேசாப்படக் காலத்தில் படம் ஓடும் வேகம் அரங்குக்கு அரங்கு மாறியது. எந்தக் காட்சிக்கு எந்த இசை என்ற குறிப்புத்தாள் கையில் இருந்தாலும் கண் திரையை விட்டு அகலக் கூடாது. 1925-இல் வெளிவந்த ‘தி ஃபாண்டம் ஆஃப் தி ஓபரா’வில் முகமூடிக்காரன் ஆர்கன் வாசித்துக்கொண்டிருக்கும்போது, பின்னால் வந்து நிற்கும் பெண் முகமூடியைப் பிடுங்குகிறாள். திரையில் அவன் கை நிற்கும் கணத்தில் அரங்கில் இருப்பவரின் கையும் நின்றாக வேண்டும். உடன் வாசிப்பது என்றால் இதுதான்.

பாடகர் மிருதங்கத்துக்குச் செவிகொடுப்பார், படம் அப்படிச் செவிகொடுக்காதல்லவா என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் யாரை யார் தொடர்கிறார் என்பதை இச்சொல் தெளிவாகச் சொல்லிவிடுகிறது. ‘வாத்தியம்’ வடசொல் என்று விலக்குவோர் ‘உடனிசை’ என்று எழுதட்டும், எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதில் அந்தத் தெளிவு குறைவு.

‘ஊமைப்படம்’ என்பதையும் இத்தோடு கைவிட வேண்டும். ஆர்கன் வடிவமைப்பாளர் ராபர்ட் ஹோப்-ஜோன்ஸ் 1910-இல் இசைக்கருவிகள் செய்யும் வுர்லிட்சர் நிறுவனத்தில் சேர்ந்த பின் அங்கே உருவான திரையரங்கு ஆர்கன்களில் முரசு, மணி, பறவைக் குரல், ரயில் ஊதல் வரை இருந்தன. அந்த அரங்குகளில் ஊமையாக எதுவும் ஓடவில்லை. வாசிப்பவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்றுகூடப் பார்க்காமல், சினிமாச் சொற்பட்டியலிலிருந்து கைக்கு வந்ததை எடுத்து ஒட்டும் மொழிபெயர்ப்பாளர்கள் அடுத்த முறை ‘ஆர்கன் பக்கவாத்தியத்துடன் பேசாப்படம்’ என்று எழுதட்டும்.