இரண்டு வல்லுநர்கள், ஒரு முன்பரவல்

புதிய வகைப் பம்பு ஒன்று வருகிறது. ஓராண்டுக்குள் எத்தனை சதவீதம் பழுதாகும்? தரவு இன்னும் இல்லை. பேய்சியன் முறையில், அதாவது முதலில் ஒரு கணிப்பை வைத்துத் தரவு வர வர அதைத் திருத்தும் முறையில், கணக்கிட ஒரு முன்பரவல் தேவை. தரவு வருமுன் எந்த மதிப்புக்கு எவ்வளவு வாய்ப்பு என்று காட்டும் வளைவு அது. அதை வல்லுநர்களிடம் கேட்டுத்தான் வரைய வேண்டும்.

கேட்கும் வரிசையிலேயே பாதி வேலை இருக்கிறது. எடுத்த எடுப்பில் "உங்கள் மதிப்பீடு என்ன?" என்று கேட்டால் சொன்ன எண்ணிலேயே மனம் ஒட்டிக்கொள்ளும், பிறகு சொல்லும் வரம்புகளும் அதைச் சுற்றியே குறுகிப்போகும். அதனால் முதலில் கீழ் வரம்பும் மேல் வரம்பும், அடுத்து இடைநிலை (மேலும் கீழும் சம வாய்ப்புள்ள மதிப்பு), கடைசியில் கால்மானங்கள் (அந்த இரு பாதிகளையும் மீண்டும் சரிபாதியாக்கும் மதிப்புகள்). எண்ணாகச் சொல்லத் தயங்குபவரிடம் 20 வில்லைகளைக் கொடுத்து, ஆளுக்கொரு சதவீத வரம்பைக் குறிக்கும் கட்டங்களில் அடுக்கச் சொல்லலாம். ஒரு வில்லை 5% வாய்ப்பு. ஒருவர் பதில் மற்றவர் காதில் விழுமுன் ஒவ்வொருவரிடமும் தனியாக வாங்கிவிட வேண்டும்.

விகிதங்களுக்கு ஏற்ற ஒரு வளைவுக் குடும்பம் பீட்டா. அதன் இரண்டு எண்களில் முதலாவதை பழுதின் பக்கமும் இரண்டாவதை பழுதின்மையின் பக்கமும் என்று படிக்கலாம். முதல் வல்லுநரின் வளைவு பீட்டா(2, 18) என்று வைத்துக்கொள்வோம், சராசரி 2/20, அதாவது 10%. இரண்டாமவருடையது பீட்டா(8, 12), சராசரி 40%. இந்த இரண்டையும் எப்படிச் சேர்ப்பது?

நேரியல் கூட்டு என்ற வழியில் இரு வளைவுகளையும் பாதிப் பாதி எடையில் கூட்டுகிறோம். சராசரி 25%, திட்ட விலக்கம் (சராசரியைச் சுற்றிய பரவல்) சுமார் 17 சதவீதப் புள்ளிகள், இரண்டு முகடுகள். மடக்கைக் கூட்டு என்ற வழியில் வளைவுகளை அதே எடைகளுக்கு அடுக்கேற்றிப் பெருக்குகிறோம். கிடைப்பது பீட்டா(5, 15). சராசரி அதே 25%தான், ஆனால் விலக்கம் சுமார் 9 புள்ளிகள், ஒரே முகடு. எடையே இல்லாமல் பெருக்கினால் பீட்டா(9, 29) வரும். இருவரும் ஒரே அறிக்கையைப் படித்துவிட்டுப் பேசியிருந்தால், ஒரே தகவலை இருமுறை எண்ணிய தவறு அது.

தரவு வந்தபின் இந்தத் தேர்வின் விளைவு தெரியும். 40 பம்புகளில் 4 பழுது என்று வைப்போம். பழுதான 4ஐ முதல் எண்ணோடும் பழுதாகாத 36ஐ இரண்டாவதோடும் கூட்ட, மடக்கைக் கூட்டு பீட்டா(9, 51) ஆகிறது, சராசரி 15%. நேரியல் கூட்டிலோ எடைகளும் மாறும்: தரவைச் சரியாக முன்கணித்த முதல் வல்லுநரின் எடை 50%இலிருந்து சுமார் 97%க்கு ஏறும், சராசரி ஏறக்குறைய 10.3%. வல்லுநர்கள் உண்மையிலேயே முரண்படும்போது நேரியல் கூட்டே மேல் என்பது என் கருத்து. யார் சொன்னது சரி என்று தீர்மானிக்கும் வேலையை அது தரவிடம் விட்டுவைக்கிறது. மடக்கைக் கூட்டில் இன்னொரு ஆபத்தும் உண்டு: ஒருவர் ஒரு மதிப்புக்குச் சுழியம் கொடுத்தால் மற்றவர்கள் என்ன சொன்னாலும் அங்கே சுழியம்தான், எவ்வளவு தரவு வந்தாலும் அது மீளாது.

தொடக்க எடை சமமாகத்தான் இருக்க வேண்டுமா? இடர் ஆய்வாளர் ரோஜர் குக் உருவாக்கிய முறை வல்லுநர்களையே சோதிக்கிறது. விடை நமக்குத் தெரிந்த, அவர்களுக்குத் தெரியாத பத்துப் பன்னிரண்டு கேள்விகளுக்கு, விடை அதற்குக் கீழே இருக்க 5%, 50%, 95% வாய்ப்புள்ள மதிப்புகளைக் கேட்பார்கள். ஒருவரின் 5%க்கும் 95%க்கும் இடைப்பட்ட 90% இடைவெளிக்குள் பத்துக்கு ஒன்பது விடைகள் விழ வேண்டும். நடைமுறையில் பலருக்கு அதைவிடக் குறைவாகவே விழும், காரணம் மிதமிஞ்சிய தன்னம்பிக்கை. இலக்குப் பொருத்தமும் (சொன்ன வாய்ப்புகள் உண்மை விடைகளோடு ஒத்துப்போகும் அளவு) இடைவெளியின் குறுக்கமும் சேர்ந்து எடையைத் தருகின்றன. குறிப்பிட்ட அளவுக்குக் கீழே பொருத்தம் இறங்கியவருக்கு எடை சுழியம். சோதனைக் கேள்விகள் உண்மையான கேள்வியின் துறையிலிருந்தே வர வேண்டும். பொது அறிவுக் கேள்விகளால் கிடைக்கும் எடைக்கு இங்கே மதிப்பில்லை.

பொருத்திய வளைவை வல்லுநரிடம் திருப்பிக் காட்டுவதையும் விட்டுவிடக் கூடாது. முதலாமவரிடம், "இதன்படி 20%க்கு மேல் பழுதாக ஏறக்குறைய 8% வாய்ப்பு இருக்கிறது, ஒப்புக்கொள்கிறீர்களா?" என்று கேட்டால், இல்லை என்பவர் தன் வரம்பைத் திருத்துவார்.