கவுன்டெஸ் ஐடா: ஓர் ஏர்லின் தாய் அடையாளம் காணப்பட்ட விதம்

லெஸ்டர் நகரின் கார் நிறுத்துமிடத்துக்கு அடியிலிருந்து 2012இல் எடுக்கப்பட்ட எலும்புக்கூடு மன்னர் மூன்றாம் ரிச்சர்டுடையது என்பதை டி.என்.ஏ. சோதனை உறுதிசெய்ததைப் படித்த வாசகர் ஒருவர், ஒரு கேள்வி கேட்டு எழுதியிருக்கிறார். இடைக்கால இங்கிலாந்தின் பிரபுக் குடும்பங்களில் யார் யாருக்குப் பிறந்தார் என்ற பழைய சிக்கல்களை எல்லாம் இனி ஆய்வகத்திலேயே தீர்த்துவிடலாமே, தோல் ஏடுகளை இன்னும் எதற்காகப் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பதே அந்தக் கேள்வி.

ரிச்சர்டின் வழக்கிலேயே டி.என்.ஏ.வின் வலிமையும் எல்லையும் தெரிகின்றன. மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்கு வரும். ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும். ரிச்சர்டின் சகோதரி ஆனின் வழியில், இடையறாத பெண் கொடியில் வந்த இருவரின் மைட்டோகாண்ட்ரியா எலும்புக்கூட்டினுடையதோடு பொருந்தியது. ஒருவருக்கு முழுமையாகவும், மற்றவருக்கு ஒரே ஓர் எழுத்து வேறுபாட்டுடனும் பொருந்தியது. ஒய் குரோமோசோமோ பொருந்தவில்லை. ரிச்சர்டின் மூதாதையான மன்னர் மூன்றாம் எட்வர்டின் ஆண் வழியில் வந்தவர்கள் என்று வம்சாவளி கூறும் ஐந்து ஆண்களைச் சோதித்தபோது, அவர்களில் ஒருவருக்கும் ரிச்சர்டின் குரோமோசோம் இல்லை. ரிச்சர்டிலிருந்து எட்வர்டுக்கு ஏறி, அங்கிருந்து அந்த ஐவருக்கும் பொது மூதாதையான 18ஆம் நூற்றாண்டு டியூக் வரை இறங்கினால் 19 தந்தை–மகன் கண்ணிகள் உள்ளன. தலைமுறைக்கு நூற்றில் ஒன்று என்ற அளவில் ஏட்டில் உள்ள தந்தை உண்மைத் தந்தையாக இல்லாமல் போகலாம் என்று கொண்டால், 19 கண்ணிகளில் ஒன்றாவது அறுந்திருக்க ஏறத்தாழ 17 சதவீத வாய்ப்பு உண்டு. ஆகவே இந்த முடிவில் வியப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் எந்தக் கண்ணி அறுந்தது என்பதை அந்தச் சோதனை சொல்லவில்லை.

இந்த இரு தனிவழிகளை விட்டால் மற்ற டி.என்.ஏ. பயன்படாது. 800 ஆண்டுகள் என்பது ஏறத்தாழ 28 தலைமுறை. அந்தத் தொலைவில் ஒருவருடைய வம்ச மரத்தில் 26 கோடிக்கும் மேற்பட்ட இடங்கள் இருக்கும். பரம்பரையாக வரும் டி.என்.ஏ. துண்டுகளோ ஆயிரக்கணக்கில்தான் இருக்கும். எனவே பெரும்பாலான முன்னோரிடமிருந்து நம் உடலில் ஒரு துணுக்குகூட இருக்காது. அரச ரத்தம் தங்கள் உடலில் ஓடுவதாகப் பெருமைப்படுபவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

ஏடுகள் இதைவிட நுட்பமாகப் பேசும் என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு வில்லியம் லாங்எஸ்பேயின் வழக்கு. சாலிஸ்பரியின் ஏர்லாக (ஏர்ல் என்பது ஓர் உயர் பிரபுப் பட்டம்) இருந்து 1226இல் இறந்த அவர், சாலிஸ்பரி பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அவர் மன்னர் இரண்டாம் ஹென்றிக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்த மகன் என்பதில் ஐயமில்லை. ஹென்றியின் மகனான மன்னர் ஜானின் அரசு ஆவணங்கள் அவரைச் சகோதரர் என்றே குறிப்பிடுகின்றன. தாய் யார் என்பதுதான் கேள்வி. ஹென்றியின் காதலி ரோசமண்ட் கிளிஃபோர்ட்தான் தாய் என்று பல தலைமுறைகளாக நூல்கள் எழுதிவந்தன. அவர் 1176-ஐ ஒட்டி இறந்து காட்ஸ்டோ கன்னிமடத்தில் புதைக்கப்பட்டவர். இந்த உறவுக்கு அக்காலச் சான்று ஒன்றும் கிடையாது. கதைகளில் புகழ்பெற்ற காதலிக்கும் வரலாற்றில் புகழ்பெற்ற மகனுக்கும் பிற்காலத்தார் முடிச்சுப் போட்டுவிட்டார்கள்.

இத்தகைய ஐயங்களை ஆய்வாளர்கள் வழக்கமாக நிலத்தைப் பின்தொடர்ந்துதான் தீர்ப்பார்கள். மன்னரிடம் நேரடியாக நிலம் பெற்றவர் இறந்தால், அவருடைய நிலம் எவ்வளவு, அடுத்த வாரிசு யார், அவருக்கு என்ன வயது என்று உள்ளூர் நடுவர்களைச் சத்தியம் செய்யவைத்து அரசு விசாரித்தது. 13ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலிருந்து அந்த அறிக்கைகள் கிடைக்கின்றன. தாய்வழிச் சொத்து யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பதைக் கொண்டே தாயை அடையாளம் காணலாம். லாங்எஸ்பே விஷயத்தில் இந்த வழி அடைபட்டுவிட்டது. திருமணத்துக்கு வெளியே பிறந்தவருக்கு அன்றைய ஆங்கிலச் சட்டப்படி பெற்றோர் இருவரிடமிருந்தும் வாரிசுரிமை கிடையாது. உரிமை இல்லாத இடத்தில் ஆவணமும் பிறப்பதில்லை.

தடயம் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. லாங்எஸ்பே 1196இல் மணந்த ஈலா, சாலிஸ்பரி ஏர்ல் பட்டத்தின் ஒரே வாரிசு. அவருடைய முன்னோர் வில்ட்ஷயரில் நிறுவிய பிராடன்ஸ்டோக் துறவிமடத்துக்கு லாங்எஸ்பே கொடைகளை உறுதிசெய்து சாசனங்கள் அளித்தார். அவற்றில் ‘என் தாய் கவுன்டெஸ் ஐடா’ என்று எழுதியிருந்தது. மடத்துத் துறவிகள் தங்கள் சாசனங்களை ஒரே தொகுப்பேட்டில் படியெடுத்து வைத்திருந்தார்கள். அந்தத் தொகுப்பு 1979இல் அச்சில் வந்தபோது, ரோசமண்டின் உரிமை ஒரே வரியில் முடிந்தது.

ஆனால் எந்த ஐடா? கவுன்டெஸ் என்பது ஏர்லின் மனைவிக்குரிய பட்டம் என்பதால், அந்த வட்டம் மிகச் சிறியது. அதில் முன்னால் நிற்பவர் நார்ஃபோக் ஏர்ல் ரோஜர் பிகாடின் மனைவி ஐடா டி டோஸ்னி. ரோஜரின் தந்தை ஹியூ 1173இல் மன்னருக்கு எதிராகக் கலகம் செய்தவர். அவர் 1177இல் இறந்த பிறகு மகனுக்கு ஏர்ல் பட்டத்தைத் தராமல் ஹென்றி நிறுத்திவைத்தார். அதே ஹென்றி, தம் பாதுகாப்பில் இருந்த ஐடாவை 1181 வாக்கில் ரோஜருக்கு மணம் முடித்து, எய்கல், ஹால்வர்கேட், சவுத் வால்ஷம் ஆகிய மூன்று பண்ணை நிலங்களையும் கொடுத்தார். 1189இல் மன்னர் முதலாம் ரிச்சர்ட் பட்டத்தைத் திருப்பியளித்தபோதுதான் ஐடா கவுன்டெஸ் ஆனார். எல்லாம் பொருந்துகிறது. என்றாலும் பெயரும் பட்டமும் ஒத்துப்போவது தனித்து நிரூபணம் ஆகாது.

நிரூபணம் பிரான்ஸில் இருந்தது. 1214 ஜூலை 27 அன்று பூவின் (Bouvines) என்ற ஊரில் நடந்த போரில் ஜான் மன்னரின் அணி தோற்றது. லாங்எஸ்பேயை போவே நகரின் ஆயர் (பிஷப்) கதாயுதத்தால் அடித்து வீழ்த்திப் பிடித்ததாக அக்கால வரலாறு கூறுகிறது. சிறைபிடிக்கப்பட்டவர்களின் பெயர்களைப் பிரெஞ்சு மன்னரின் எழுத்தர்கள் பட்டியலிட்டார்கள். மீட்புத் தொகை கேட்பதற்கு, கைதி யார், யாருக்கு உறவு என்பது தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? அப்பட்டியலில் ரால்ஃப் பிகாட் என்பவர் ‘சாலிஸ்பரி ஏர்லின் சகோதரர்’ என்று குறிக்கப்பட்டிருக்கிறார்.

இந்த ஒரு குறிப்பை நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டும். ரால்ஃப், ரோஜர் பிகாடுக்கும் ஐடாவுக்கும் பிறந்த மகன். லாங்எஸ்பேயின் தந்தையோ மன்னர் ஹென்றி. தந்தை வேறாக இருக்கும் இருவர் சகோதரர்கள் என்றால், தாய் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். மைத்துனரையும் சகோதரர் என்று எழுதும் பழக்கம் அன்று இருந்தது என்று ஒருவர் தடை எழுப்பலாம். ஈலாவுக்கு உடன்பிறந்தோர் இருந்திருந்தால் அந்தத் தடைக்கு வலு இருந்திருக்கும். அவரோ ஒற்றை வாரிசு, ரால்ஃபுக்கு மணமுடிக்க ஈலாவின் சகோதரி எவரும் இல்லை. காலக்கணக்கும் இணங்குகிறது. ஐடாவின் தந்தை என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கும் ரால்ஃப் டி டோஸ்னி 1162இல் இறந்தவர். எனவே ஐடா 1163க்குப் பின் பிறந்திருக்க முடியாது. 1181 வாக்கில் அவருக்குத் திருமணம். லாங்எஸ்பே 1170களின் பிற்பகுதியில் பிறந்திருந்தால், 1196இல் மணமகனாக நின்றபோது இருபதை ஒட்டிய வயது.

இதில் என்னை மிகவும் ஈர்ப்பது இரண்டு சான்றுகளும் ஒன்றையொன்று அறியாதவை என்பதுதான். துறவி தம் மடத்தின் கொடை உரிமையைக் காக்க எழுதினார். பிரெஞ்சு எழுத்தர் பணம் வசூலிக்க எழுதினார். இருவரில் ஒருவருக்கும் லாங்எஸ்பேயின் தாயை நிறுவும் நோக்கம் இல்லை. ஒரு குடும்பம் தன் பெருமைக்காக எழுதிக்கொண்ட வம்சாவளி நூறு பக்கம் இருந்தாலும், வேறு வேலையாக எழுதப்பட்ட இந்த இரண்டு வரிகளுக்கு அது ஈடாகாது.

அந்தத் தொகுப்பேட்டைப் பதிப்பித்தது வில்ட்ஷயர் மாவட்டத்து ஆவணங்களை வெளியிடும் ஒரு கழகம். உறுப்பினர் சந்தாவை நம்பி இயங்கும் இத்தகைய கழகங்கள் ஏடுகளைப் பிழையின்றி அச்சிட்டுத் தருவதால்தான் இப்படிப்பட்ட கண்டுபிடிப்புகள் நிகழ்கின்றன. ஆய்வகக் கருவிகளுக்குத் தாராளமாகக் கிடைக்கும் நிதியில் ஒரு சிறு பங்காவது மூலப் பதிப்புப் பணிக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

லாங்எஸ்பேயின் வழக்கிலும் டி.என்.ஏ.வைப் பயன்படுத்த ஒரு வழி உண்டு. அவருடைய மைட்டோகாண்ட்ரியா ஐடாவிடமிருந்து வந்தது. ஆனால் ஆண் என்பதால் அதைத் தம் பிள்ளைகளுக்கு அவர் கொடுத்திருக்க முடியாது. ஆகவே அவருடைய எலும்பு வேண்டும். ஒப்பிட, ஐடாவின் மகள்களான மார்ஜரி, மேரி ஆகியோர் வழியில் இடையறாத பெண் கொடியில் வந்து இன்று வாழும் ஒருவர் வேண்டும். அவரைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு தலைமுறையிலும் தாய் யார், அவர் யாரை மணந்தார் என்று நிறுவிக்கொண்டே வர வேண்டும்.

திருமணங்களோ அன்று எளிதில் நிறுவக்கூடியவை அல்ல. 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து திருச்சபைச் சட்டம், இருவர் மனமொத்து ‘உன்னை ஏற்கிறேன்’ என்று சொல்லிவிட்டாலே, பாதிரியார் இல்லாவிட்டாலும் திருமணம் செல்லும் என்றது. கென்ட் குலத்து ஜோன் 1340 வாக்கில், ஏறத்தாழ 12 வயதில், தாமஸ் ஹாலந்தை இரகசியமாக மணந்தார். குடும்பத்தார் அவரை வில்லியம் மான்டகுவுக்கு மறுபடி மணம் செய்துவைத்தார்கள். ஹாலந்து போப்பிடம் முறையிட்டு 1349இல் தீர்ப்புப் பெற்றதால்தான் ஜோன் யாருடைய மனைவி என்பது நமக்குத் தெரிகிறது. வழக்கு எழாத இரகசியத் திருமணங்கள் ஏட்டில் ஏறியதே இல்லை. ஐடாவின் மகள்களிலிருந்து இன்று வரை ஏறத்தாழ 28 கண்ணிகள். அவற்றில் ஒரு பெண்ணின் தாய் யார் என்பது தவறிப்போனாலும், சாலிஸ்பரி கல்லறையைத் திறந்து எடுக்கும் எலும்புக்கு ஒப்பிட ஆள் கிடைக்காது.