மித்: புராணமா, தொன்மமா?

கிரேக்கக் கதைகள் மேல் எனக்குக் கொஞ்சம் பித்து உண்டு. ஆனால் எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே ஒரு சொல் மல்லுக்கு நிற்கும். ஜீயஸ், அதீனா, ஹெராக்ளிஸ் கதைகளை என்னவென்று சொல்வது? புராணம், தொன்மம், கட்டுக்கதை என்று மூன்றையும் எழுதிப் பார்த்து அடித்திருக்கிறேன். ஆங்கிலத்தின் ‘மித்’ (myth) என்றே விட்டுவிடவும் மனம் வராது.

மித்தின் வேர் ‘மித்தோஸ்’ என்ற கிரேக்கச் சொல். பழங்கிரேக்கக் கவி ஹோமரிடம் அதில் பொய்யின் வாடையே கிடையாது. பேச்சு, அதுவும் சபையில் எடுபடும் பேச்சு என்று பொருள். டிராய் போரைப் பாடும் அவரது இலியத் காவியத்தின் 9ஆம் காண்டத்தில், கோபித்துக்கொண்டு போருக்கு வராத வீரன் அக்கிலீஸிடம் அவனை வளர்த்த கிழவர் ஃபீனிக்ஸ் பேசுகிறார். மித்தோஸ் சொல்லவும் செயல் முடிக்கவும் உனக்குக் கற்றுத்தரத்தான் உன் அப்பா என்னை அனுப்பினார் என்கிறார். கதை சொல்ல அல்ல, சபையில் பேச.

கி.மு. 5ஆம் நூற்றாண்டில் சொல்லின் மதிப்பு இறங்கிவிட்டது. எகிப்தியர் ஹெராக்ளிஸைப் பலியிடக் கொண்டுபோக, அவன் அத்தனை பேரையும் கொன்றான் என்று கிரேக்கர்கள் சொல்லிவந்ததை வரலாறு எழுதிய ஹெரோடோட்டஸ் அசட்டு மித்தோஸ் என்கிறார். தான் செய்வதற்கு அவர் வைத்த பெயர் ‘ஹிஸ்டோரியா’, அதாவது விசாரித்து அறிதல். ஹிஸ்டரி அங்கிருந்து வந்ததுதான். (அதே ஹெரோடோட்டஸ், நரியைவிடப் பெரிய எறும்புகள் இந்தியாவில் பொன்மணலைத் தோண்டிப் போடுவதாகவும் எழுதினார். விசாரித்த இடம் சரியில்லை போல.) அடுத்து வந்த வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் இன்னும் கறார். தன் நூலில் மித்தோஸ் கலப்பு இல்லாததால் காதுக்கு இனிக்காமல் போகலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

சரி, தமிழுக்கு வருவோம். ‘கட்டுக்கதை’ துசிடிடீஸின் கட்சி. உணவு, உடல்நலம் பற்றிய தவறான நம்பிக்கைகளை ‘மித்’ என்கிறார்களே, அங்கே பொருந்தும், அதீனாவுக்குப் பொருந்தாது. ‘புராணம்’ என்றாலும் பழையது என்றுதான் பொருள். ஆனால் கந்தனும் சிவனும் அந்தச் சொல்லில் அழுத்தமாகக் குடியேறிவிட்டார்கள், ஜீயஸுக்கு இடமில்லை.

என் தேர்வு ‘தொன்மம்’. தொன்மையிலிருந்து ஆக்கிய சொல். தொல்காப்பியம் செய்யுளின் எட்டு வனப்புகளில் ஒன்றாகத் தொன்மையைச் சொல்லி, “உரையொடு புணர்ந்த பழமை மேற்றே” என்கிறது. பழமையைச் சொல்வது என்பதோடு சரி. மெய்யா பொய்யா என்று தீர்ப்பு எழுதவில்லை. கதைகளைத் தொன்மங்கள் என்றும், அவற்றை ஆராயும் துறையைத் தொன்மவியல் என்றும் எழுதலாம். மித்தாலஜி என்ற ஒரே சொல் இரண்டையும் குழப்பிவிடுகிறது.

ஃபீனிக்ஸுக்கு மட்டும் விதிவிலக்கு. நீட்டி முழக்குபவரை ‘ஆரம்பிச்சிட்டார்யா தன் புராணத்தை’ என்போமே, அதைத்தான் அந்த 9ஆம் காண்டத்தில் அவர் செய்கிறார். அப்பாவோடு போட்ட சண்டை, வீட்டைவிட்டு ஓடியது, அக்கிலீஸைக் குழந்தையாய் மடியில் வைத்து ஊட்டியது, அவன் இவர் சட்டையில் மதுவைக் கக்கியது என ஒன்றையும் விடவில்லை. இந்தப் பேச்சுப் ‘புராணம்’ ஹோமரின் மித்தோஸுக்கு ரொம்பக் கிட்டத்தில் நிற்கிறது. எல்லாம் கேட்டும் அக்கிலீஸ் போருக்கு எழுந்து வரவில்லை.