மாறுகண் சத்திரசிகிச்சை: கொழும்பில் இலவசமாகப் பெறுவது எப்படி?

அரச வைத்தியசாலையில் மாறுகண் சத்திரசிகிச்சைக்குக் கட்டணம் கிடையாது. நிபுணரின் பரிசோதனை, மயக்கமருந்து, விடுதியில் தங்குவது எல்லாம் இலவசமே. கண்ணாடி வாங்க நேர்ந்தால் அதற்குச் செலவாகலாம்.

கொழும்பில் முதன்மையான இடம் லிப்டன் சுற்றுவட்டத்துக்கு அருகிலுள்ள தேசிய கண் வைத்தியசாலை. பொரளை சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையிலும் கண் பிரிவு உண்டு. குடும்ப வைத்தியரின் கடிதத்தையும் பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டையும் கொண்டுசெல்லுங்கள். ஃபிளாஷ் போட்டு நேர்முகமாக எடுத்த படமும் உதவும்: வெளிச்சப் புள்ளி இரு கருவிழிகளிலும் ஒரே இடத்தில் விழாவிட்டால் கண் விலகியிருக்கலாம். படத்தில் கண்மணி வெள்ளையாகத் தெரிந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். அது விழித்திரைப் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம்.

பிறந்து மூன்று, நான்கு மாதம் வரை கண் அவ்வப்போது விலகுவது இயல்பு. அதற்குப் பிறகும் நீடித்தால், "மாறுகண் அதிர்ஷ்டம்", "வளர வளரச் சரியாகும்" என்ற பேச்சுக்குக் காது கொடுக்க வேண்டாம். விலகிய கண்ணின் காட்சியை மூளை ஒதுக்கப் பழகிவிடும். அந்தக் கண்ணின் பார்வையும் மங்கும். ஏழு, எட்டு வயதுக்குப் பிறகு அதை மீட்பது கடினம்.

எல்லோருக்கும் சத்திரசிகிச்சை தேவைப்படாது. தூரப்பார்வையால் (கிட்ட உள்ளதைப் பார்க்கக் கண் சிரமப்படும் குறைபாடு) கண் உள்நோக்கி இழுபடும் பிள்ளைக்குக் கண்ணாடியே போதுமாகலாம். பார்வை மங்கியிருந்தால் முதலில் நல்ல கண்ணை மூடி மற்றதை வேலை வாங்குவார்கள். பிள்ளை கண்ணில் ஒட்டிய மறைப்பைப் பிய்த்தெறிந்து அழும். பெற்றோர் மனமிளகி விட்டுவிடுவதுதான் இதில் பெரிய தடை.

விலகல் கடுமையாக இருந்தால் சத்திரசிகிச்சை. கண்ணை வெளியே எடுப்பார்கள் என்ற பயம் வீண். ஒவ்வொரு கண்ணையும் அசைப்பவை ஆறு தசைகள். அவற்றில் தேவையானதைப் பின்னுக்கு நகர்த்தித் தைப்பார்கள், அல்லது சிறிது வெட்டிச் சுருக்குவார்கள். பிள்ளைகளுக்கு முழு மயக்கம் கொடுப்பதால், எத்தனை மணியிலிருந்து உண்ணக் கூடாது என்பதைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு சில வாரம் கண் சிவந்திருக்கும். சிலருக்கு இரண்டாவது சத்திரசிகிச்சையும் தேவைப்படும்.

பெரியவர்களுக்கும் இது செய்யப்படுகிறது. ஆனால் திடீரென்று கண் விலகி எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். பக்கவாதம் போன்ற காரணம் இருக்கக்கூடும்.

சம்மதப் படிவம் சிங்களத்தில் மட்டும் இருந்தால், புரியாமல் கையொப்பமிடாதீர்கள். அரச அலுவலரிடம் தமிழில் அலுவல் பார்க்கும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை கொடுத்திருக்கிறது. தமிழில் விளக்கும்படி தயங்காமல் கேட்கலாம்.