புகைமூட்டம் இல்லாத நாளில் மூச்சு ஏன் இழுக்கிறது?

ஒரு வெள்ளிக்கிழமை, மாலை ஆறரை மணி. கிளினிக்கில் நல்ல கூட்டம். 12 வயதுப் பையன் ஒருவன் கால்பந்துச் சட்டையோடு, முழங்காலில் புல் ஒட்டியபடியே உள்ளே வந்தான். தோள்பட்டை ஏறி ஏறி இறங்குகிறது, ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியவில்லை. கூட வந்த அம்மாவுக்கு என்மேல் கோபம்.

“டாக்டர், நீங்கதானே சொன்னீங்க, பிஎஸ்ஐ நூறுக்குள்ள இருந்தா விளையாட விடலாம்னு? மத்தியானம் ஃபோன்ல பாத்துட்டுத்தான் அனுப்புனேன். 58 தான் காட்டுச்சு.”

பிஎஸ்ஐ என்பது சிங்கப்பூரில் காற்று எவ்வளவு மாசுபட்டிருக்கிறது என்று காட்டும் எண். அப்படி நான்தான் சொன்னேன். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளின் பெற்றோர் எல்லாருக்கும் அதே வரியை ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஸ்பேசர் குழாய் வைத்து இன்ஹேலர் கொடுத்து, பையனுக்கு மூச்சு சீரான பிறகு, அவன் மூச்சை ஊதும் வேகத்தைக் குறிக்கும் பீக் ஃபுளோ நோட்டுப் புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன். காலையும் மாலையும் மீட்டரில் ஊதி எண்ணைக் குறித்துவைப்பது அவன் வேலை. நல்ல நாளில் 300 வரும். 240க்குக் கீழே போனால் எச்சரிக்கை என்று நானே மஞ்சள் கோடு போட்டுக் கொடுத்திருந்தேன். சில வெள்ளிக்கிழமை மாலைகளில் மட்டும் எண் 230, 225 என்று கோட்டுக்குக் கீழே விழுந்திருந்தது. மற்ற வெள்ளிக்கிழமைகளில் 290. பயிற்சி அதே 3 மணிக்கு, அதே திடலில்தான்.

“கீழ இறங்குன நாளெல்லாம் எப்படி இருந்துச்சு தம்பி?” என்று கேட்டேன்.

“செம வெயில், டாக்டர். மத்த நாள் மழை பேஞ்சு லேட்டா ஆரம்பிச்சோம்.”

ஒரு பையனின் நோட்டுப் புத்தகத்தை வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாது. வெயிலில் ஓடியதே காரணமாக இருக்கலாம், தடுப்பு இன்ஹேலரை இரண்டு நாள் மறந்திருக்கலாம். (மறந்திருந்தான். அதையும் கேட்டு வாங்கினேன்.) ஆனால் அதற்குப் பிறகுதான், வெயிலில் உருவாகும் ஓசோன் வாயுவின் பக்கம் ஒழுங்காகக் கவனம் வைக்கத் தொடங்கினேன்.

ஓசோன் என்றதும் பலரும், “அது நல்லதுதானே டாக்டர், ஓட்டை விழக்கூடாதுன்னு பள்ளிக்கூடத்துல படிச்சோமே” என்பார்கள். வாயு அதேதான். தலைக்குமேல் 15, 30 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தால் குடை. மூக்குக்கு நேரே இருந்தால் நுரையீரலுக்கு எரிச்சல்.

இது எந்தக் குழாயிலிருந்தும் நேராக வெளியே வருவதில்லை. வாகனங்களும் ஆலைகளும் மின்நிலையங்களும் விடும் நைட்ரஜன் ஆக்சைடுகள் ஒரு பக்கம். பெட்ரோல், சாயம், ரசாயன ஆலைகளிலிருந்து ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் இன்னொரு பக்கம். மரங்களும் கொஞ்சம் விடுகின்றன. இரண்டும் கலந்த காற்றில் வெயில் பட்டுச் சமைந்தால் ஓசோன். அதனால்தான் காலையில் குறைவு, மதியத்துக்கு மேல் உச்சம், இருட்டியதும் இறக்கம். நம் கடிகாரம் வேறு சூரியனைவிட ஏறக்குறைய ஒரு மணி நேரம் முந்தி ஓடுகிறது. சிங்கப்பூரில் சூரியன் உச்சிக்கு வருவதே 1 மணிவாக்கில்தான். ஆகவே “உச்சி வெயில் முடிந்துவிட்டது” என்று நாம் நினைக்கும் 3 மணி, ஓசோனுக்கு நல்ல நேரம்.

இன்னொரு விசித்திரம். நெரிசலான சாலை ஓரத்தில் ஓசோன் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். வண்டிப் புகையில் புதிதாக வரும் நைட்ரிக் ஆக்சைடு அதைத் தின்றுவிடும். சாலையை விட்டுத் தள்ளி, காற்று போகும் திசையில் இருக்கும் பூங்காவிலும் திடலிலும் கூடுதலாக இருக்கலாம். அதற்காகப் பிஐஇ விரைவுச்சாலை ஓரத்தில் போய் ஓடாதீர்கள், அங்கே வேறு விஷங்கள் காத்திருக்கின்றன.

சரி, 58 என்ற எண்ணுக்கு வருவோம். பிஎஸ்ஐ ஆறு மாசுகளைப் பார்க்கிறது: பிஎம் 2.5 என்ற மிக நுண்ணிய துகள்கள், பிஎம் 10 என்ற சற்றுப் பெரிய துகள்கள், கந்தக டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு, ஓசோன். ஒவ்வொன்றுக்கும் தனி எண் கணக்கிட்டு, எது பெரியதோ அதையே பிஎஸ்ஐ என்று அறிவிக்கிறார்கள். பெரும்பாலான நாள்களில் பெரியது பிஎம் 2.5 தான். ஓசோன் எவ்வளவு என்பது அதன் பின்னால் மறைந்துவிடும். மறைந்திருக்கும் அந்த எண்ணும் கொஞ்சம் தாராளமானது. உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, 8 மணி நேரச் சராசரியில் ஒரு கனமீட்டர் காற்றுக்கு 100 மைக்ரோகிராம். பிஎஸ்ஐ கணக்கிலோ 118 வரை போனாலும் 50 தான், அதாவது ‘நன்று’.

அந்த 8 மணி நேரச் சராசரியில் ஒரு சிக்கல் இருக்கிறது. 3 மணிக்குப் பார்க்கும் சராசரியில் காலை 7 மணியின் நல்ல காற்றும் கலந்திருக்கிறது. உண்மையான ஓசோன் ஏறிக்கொண்டிருக்கும்போது எண் சாதுவாகத் தெரியும். மாலையில் ஓசோன் தணிந்து, பிள்ளை வீட்டுக்கு வந்து இருமும்போதுதான் எண் மேலே ஏறும். ‘இப்போது வெளியே போகலாமா’ என்ற கேள்விக்கு நாம் பார்க்க வேண்டிய ஒரு மணி நேர அளவு ஒன்று இருக்கிறதே என்பீர்கள். அது பிஎம் 2.5க்கு மட்டும். ஓசோன் அதில் கிடையாது.

இதற்காகத் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் எண்களைக் குறைசொல்ல மாட்டேன். புகைமூட்டக் காலத்தில் அவை உயிர்காப்பவை. 2013 ஜூன் 21 அன்று பிஎஸ்ஐ 401ஐத் தொட்டதை நாம் யாரும் மறக்கவில்லை. புகைமூட்டத்தை நினைத்தே அந்த எண்ணைப் படிக்கப் பழகிவிட்டோம், அதுதான் விஷயம். புகை இல்லாமல், ஓசோனால் மட்டும் பிஎஸ்ஐ 100ஐத் தாண்டிய நாள்களும் இங்கே இருந்திருக்கின்றன.

உள்ளே போனால் என்ன செய்கிறது? கந்தக டை ஆக்சைடு தண்ணீரில் எளிதில் கரையும், அதனால் மூக்கின் ஈரத்திலேயே பெரும்பகுதி நின்றுவிடும். ஓசோன் அவ்வளவாகக் கரையாது. நுரையீரலின் சிறு குழாய்கள் வரை இறங்கி, அங்குள்ள மெல்லிய படலத்தோடு வினைபுரிந்து எரிச்சலூட்டும். ஆழமாக மூச்சை இழுத்தால் நெஞ்சுக்கு நடுவில் ஒரு பிடிப்பு, இழுத்த வேகத்தில் ஒரு வறட்டு இருமல். “நெஞ்சு நிறைய மூச்சு வாங்க முடியல டாக்டர்” என்று வெளிவேலை செய்யும் ஊழியர்கள் சொல்வது இதனோடு பொருந்தும். வீக்கம் உடனே அடங்காது, மறுநாளும் தொடரும். ஆஸ்துமா உள்ளவர்களின் குழாய்கள் மற்ற தூண்டுதல்களுக்கும் சட்டென்று இறுகிக்கொள்ளும். உட்கார்ந்திருப்பவரைவிட ஓடுபவர் பல மடங்கு காற்றை உள்ளே இழுக்கிறார், அதுவும் வாய்வழியாக. ஒரே திடலில் பெஞ்சில் இருக்கும் அப்பாவுக்கு ஒன்றுமில்லை, மகனுக்கு மூச்சிரைப்பு என்பது இப்படித்தான்.

முகக்கவசம் போடலாமா என்று கேட்பார்கள். என்95 துகள்களைப் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. வீட்டுக்குள் ஜன்னலைச் சாத்தினால் ஓசோன் நன்றாகவே குறையும். சுவர், துணி, திரைச்சீலை எல்லாம் அதை உறிஞ்சிக்கொள்ளும். இதெல்லாம் சொல்லி முடித்த பிறகு ஒருவர் ஃபோனை நீட்டி, “ஓசோன் விட்டு ரூமைச் சுத்தம் பண்ற மெஷின், ஆஃபர்ல வருது, வாங்கவா?” என்று கேட்டார். காசு கொடுத்து நுரையீரல் எரிச்சலை வீட்டுக்குக் கூட்டிவர வேண்டாம் என்றேன்.

முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா? ஓரளவுக்கு. ஐரோப்பாவின் கோப்பர்னிக்கஸ் சேவை உலகம் முழுவதற்கும் 5 நாள் வரை ஓசோன் முன்னறிவிப்பு தருகிறது. சில வானிலைச் செயலிகளிலும் அதைப் பார்க்கலாம். ஆனால் அது வரைபடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் கணக்கிடுகிறது, ஒரு கட்டம் சுமார் 40 கிலோமீட்டர். நம் தீவே கிழக்கிலிருந்து மேற்காக 50 கிலோமீட்டர்தான். மேற்கே ஜூரோங்குக்கும் கிழக்கே பாசிர் ரிஸுக்கும் வித்தியாசம் சொல்ல அதனால் முடியாது. இங்கே 2 மணிக்கு ஒரு கருமேகம் வந்தால் கணக்கே மாறிவிடும். அதனால் நான் வானிலையைத்தான் பார்க்கச் சொல்கிறேன். மேகம் இல்லை, காற்று அசையவில்லை, மழைக்கு அறிகுறி இல்லை என்றால் மதியம் ஓசோன் ஏறும் என்று வைத்துக்கொள்ளலாம். ஏப்ரல், மே மாதங்களில் இப்படிப்பட்ட நாள்கள் வரும். 2023 மே 13 அன்று அங் மோ கியோவில் 37 டிகிரி அடித்ததே, அந்த மாதிரி வெயில் காலம்.

அப்படிப்பட்ட நாளில் ஓட்டத்தைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது மாலை 6 மணிக்கு மேல். தடுப்பு இன்ஹேலரை ஒரு நாளும் விடாதீர்கள், நிவாரணி இன்ஹேலர் பையில் இருக்கட்டும். அதைப் போட்டும் மூச்சு அடங்கவில்லை, பேசவே திணறுகிறது என்றால் என் கிளினிக்கைத் தேடி வர வேண்டாம், ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள்.

அந்தப் பையனின் பயிற்சி நேரத்தை மாற்ற முடியவில்லை. திடல் கிடைப்பது 3 மணிக்குத்தானாம். போன மாதம் நோட்டைக் கொண்டுவந்தான். நான் சொன்னபடி வெயிலா மழையா என்று தனியாக ஒரு கட்டம் போட்டிருந்தான். கடைசி வெள்ளிக்கிழமைக்கு நேரே ‘வெயில்’, மாலை 280. பக்கத்தில் பென்சிலால் குட்டியாக எழுதியிருந்தான்: ‘இன்னைக்கு கோல்கீப்பர்.’