கன்டெய்னருக்குள் ஒளிந்திருக்கும் ப்ராசஸ்

"என் கணினியில் ஓடியதே!" சர்வரில் ஏற்றிய நிரல் படுத்துவிட்டால் எழுதியவர் வாயில் முதலில் வருவது இதுதான். பெரும்பாலும் அது பொய்யும் இல்லை. அவரிடம் பைத்தான் 3.12, சர்வரில் 3.8, அவரிடம் இருந்த ஒரு லைப்ரரி, அதாவது நிரல் கடன் வாங்கும் தயார்நிலை நிரல்தொகுப்பு, அங்கே கிடையாது. சரி, நிரலோடு அதற்குத் தேவையான எல்லாவற்றையும் மூட்டை கட்டி அனுப்பிவிட்டால்? அந்த மூட்டைக்கு இமேஜ் என்று பெயர். அது ஓடும்போது கன்டெய்னர்.

கன்டெய்னரைக் 'குட்டிக் கணினி' என்று சொல்லிக்கொடுப்பார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. உள்ளே ஓடுவது, சர்வரின் லினக்ஸ் கெர்னலையே (இயங்குதளத்தின் மையப் பகுதி) நம்பியிருக்கும் சாதாரண ப்ராசஸ்தான், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல். நேம்ஸ்பேஸ் என்ற வசதியைக் கொண்டு கெர்னல் அதன் கண்ணைக் கட்டிவிடுகிறது. அக்கம்பக்கத்து ப்ராசஸ்கள் அதற்குத் தெரியாது. கன்டெய்னரில் முதலில் கிளம்பியது என்றால் உள்ளே அதன் எண் 1. வெளியிலிருந்து பார்த்தால் 48213 மாதிரி ஏதோ ஒன்று. எவ்வளவு நினைவகம் தின்னலாம் என்று கணக்கு வைப்பது சிகுரூப். 2008-லேயே லினக்ஸில் சேர்ந்துவிட்ட வசதி அது. 2013-ல் வந்த டாக்கர் என்ற மென்பொருள் இவற்றை யாரும் புழங்கும்படி ஆக்கியது.

மூட்டை கட்டும் விதத்தில்தான் சூட்சுமம். டாக்கர்ஃபைல் என்ற சிறு கோப்பில் கட்டளைகளை வரிசையாக எழுதுகிறோம். கோப்புகளைத் தொடும் ஒவ்வொரு கட்டளையும் இமேஜில் ஓர் அடுக்கு. மாறாத அடுக்கை டாக்கர் மறுபடி கட்டாது, பழையதையே எடுத்துக்கொள்ளும். ஒன்று மாறினால் அதற்கு மேலே உள்ள அத்தனையும் புதிதாகக் கட்டப்படும். அதனால் லைப்ரரிப் பட்டியலை மட்டும் முதலில் காப்பி செய்து, அவற்றை நிறுவிவிட்டு, அப்புறம் நிரலைக் கொண்டுவர வேண்டும். வரிசை மாறினால் ஒரு கமாவைத் திருத்தினாலும் லைப்ரரிகள் முதலிலிருந்து நிறுவப்படும். நீங்கள் காத்திருக்க வேண்டியதுதான்.

ஓர் அடுக்கில் கடவுச்சொல் கோப்பை வைத்துவிட்டு அடுத்ததில் அழித்தால்? மேலே 'இல்லை' என்று ஒரு குறி விழும், அவ்வளவே. கோப்பு அடியில் பத்திரமாக இருக்கும். இமேஜ் கையில் கிடைத்தவர் எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. 127.0.0.1 என்பது ஒரு கணினி தன்னையே அழைத்துக்கொள்ளும் முகவரி. நிரல் அதில் காத்திருந்தால், அது கன்டெய்னரின் சொந்த 127.0.0.1, வெளியே இருந்து யாரும் எட்ட முடியாது. 0.0.0.0 (எல்லா முகவரிகளிலும் காத்திரு) என்று மாற்றி, போர்ட்டையும், அதாவது நிரல் காத்திருக்கும் வாசல் எண்ணையும், வெளியே திறந்துவிட வேண்டும். இது தெரியாமல் ஒரு மாலை முழுக்க டாக்கரைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.